இலக்கியக் கல்வியின் முதற்படி: நயமும் வாய்பாடும் வாசிப்பும்

1

பல்கலைக்கழகங்களிலே இலக்கியம் கற்பிக்கப்படும் முறை பற்றி நம்மிடையே நிகழ்ந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் சிறப்புக்கலைப் பாடநெறிகளையும் உயர்பட்ட ஆய்வுகளையும் பற்றியனவாகவே அமைந்து வந்துள்ளன. எவ்விலக்கியங்கள் ஆராயத்தக்கவை, எவ்வாய்வு முறை விஞ்ஞானபூர்வமானது, திறனாய்வுக்குச் சமூகவியல் எவ்வளவு துணை புரியும் என்பன போன்ற வினாக்கள் அங்கேதான் எழுப்பப்பட்டன. முதலாண்டு மாணவருக்குரிய அறிமுகப் பாடநெறியோ விவாதத்துக்கு அப்பாற்பட்ட எளிய விடயமாகக் கருதப்பட்டு வந்துள்ளது.

நமது நோக்கில் இது தலைகீழான நிலையாகும். முதலாண்டோடு இலக்கியக் கல்வியை முடித்துக்கொண்டு புவியியலுக்கோ பொருளியலுக்கோ வரலாற்றுக்கோ செல்லும் மாணவர் பலர். அவர்கள் பின்னர் ஆசிரியர்களாகவும் நிருவாக அலுவலர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் சமூகத்துள் பரவுகின்றனர். இலக்கியம் என்றால் என்ன, அதனை எவ்வாறு அணுகுவது, அதனைப் பற்றிப் பேசும் தகுதி யாருக்கு உண்டு ஆகிய வினாக்களுக்கு அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமந்து செல்லும் விடைகள் இந்த ஓராண்டிலேயே உருவாகின்றன. எனவே அறிமுகப் பாடநெறியைக் கருத்துநிலைச் சார்பற்றதெனக் கொள்ளல் இயலாது. 'இது இலக்கியம்' என்று முதன்முதலாகச் சுட்டிக்காட்டும் செயலே பாடத்திட்டம் முழுவதிலும் கருத்துநிலைச் செறிவு மிகுந்த செயல் எனலாம்.

இன்று நமது முதலாண்டு வகுப்புகளில் இரு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று நயம் காணும் போக்கு. மற்றையது சமூகப் பின்னணி கூறும் போக்கு. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை எனப் பொதுவாக எண்ணப்படுகின்றது. கோட்பாட்டளவில் அவ்வாறே. ஆயின், வகுப்பறையிலும் பரீட்சை மண்டபத்திலும் இவ்விரண்டும் ஒரே பயனையே விளைவிக்கின்றன: இரண்டும் மாணவரை வாசிப்பிலிருந்து விடுவிக்கின்றன. இதனை விளக்குவதும் இதற்கு மாற்று யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நயம் காணும் போக்கு நமது மரபிலிருந்து வந்ததெனச் சிலர் வாதிடுவர். வரலாற்று அடிப்படையில் இது பொருந்தாது. நமது பழைய உரையாசிரியர்கள் நயம் பாராட்டியவர் மட்டுமல்லர். சொல்லைச் சொல்லோடு முடிபு காட்டினர். பாட வேறுபாடுகளை எடைபோட்டனர். முன்னோர் கொண்ட பொருளை மறுத்து, மறுப்புக்குக் காரணமும் கூறினர். ஈழத்திலே 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலரும், 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் இம்மரபின் வழிவந்தவர்களே. அவர்தம் சமூக நோக்கு பற்றி நமக்குக் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும், நூலை எழுத்தெண்ணிப் படித்தல் என்னும் ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

இன்று நயம் எனப்படுவது அவ்வொழுக்கத்தின் வெறுங்கூடு. உவமையைப் பெயரிடுதல், எதுகை மோனைகளைச் சுட்டுதல், 'புலவர் மிக அழகாகப் பாடியுள்ளார்' என முடித்தல் ஆகிய மூன்று படிகளில் அது நிறைவெய்துகின்றது. க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கான வழிகாட்டி நூல்களும் ரியூட்டரிக் குறிப்புகளும் இதனை நிலைபெறச் செய்துள்ளன. அழகு ஏன் அழகாகின்றது, யாருக்கு அழகாகின்றது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை.

பிரித்தானியப் பல்கலைக்கழக மரபிலிருந்து நாம் பெற்றிருக்கக்கூடியதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஐ. ஏ. றிச்சட்ஸ் கேம்பிறிட்ஜிலே ஆசிரியர் பெயரும் காலமும் குறிப்பிடாமல் கவிதைகளை மாணவரிடம் அளித்து, அவர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து 1929 இல் நூலாக வெளியிட்டார். பயிற்சி பெற்ற மாணவரும் கவிதையில் உள்ளதை விட்டுவிட்டுத் தம் மனத்திலே முன்னரே தயாராக இருந்த எதிர்வினைகளையே எழுதினர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. படைப்பை வரலாற்றிலிருந்து துண்டித்துப் பார்த்த அவரது முறையின் குறைபாடு நாமறிந்ததே. ஆயினும் அவர் கண்டறிந்த நோய் உண்மையானது. கேம்பிறிட்ஜிலே குறையாகக் கண்டறியப்பட்ட அந்த ஆயத்த எதிர்வினையை நாம் இங்கே குறிப்புகள் மூலம் கற்பித்து, மனனம் செய்வித்து, அதற்குப் புள்ளியும் வழங்கி வருகின்றோம் என்பதே வேறுபாடு.

3

நயம் காணலுக்கு எதிர்நிலையாக எழுந்ததே வரலாற்று, சமூகவியல் அணுகுமுறை. அதன் சாதனைகளை இங்கு சுருக்கமாயினும் குறிப்பிடல் வேண்டும். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு சுவாமி விபுலானந்தர் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1951 இல் வெளிவந்த வி. செல்வநாயகத்தின் தமிழ் இலக்கிய வரலாறு, இலக்கியத்தைக் கால அடிப்படையில் வகுத்து, ஒவ்வொரு காலத்தின் அரசியல், சமூக நிலைகளோடு இணைத்துக் காட்டியது. புலவர் வரலாறே இலக்கிய வரலாறாகக் கருதப்பட்ட சூழலில் இது பெரியதொரு முன்னேற்றமாகும். பின்னர் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்து, பண்டைத் தமிழ்க் கவிதையையும் நாடகத்தையும் வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கில் விளக்கினர். கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968 இலும், சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூக நாடகம் பற்றிய ஆங்கில நூல் 1981 இலும் வெளிவந்தன. பொற்காலக் கற்பனைகளை இவ்வாய்வுகள் தகர்த்தன.

இலவசக் கல்வியும், 1960 ஆம் ஆண்டளவில் கலைப்பீடங்களிலே தாய்மொழி மூலக் கல்வி தொடங்கியமையும், கிராமப்புறத்து உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தன. அவர்கள் வாழ்வுக்கும் இலக்கியத்துக்கும் தொடர்புண்டு என்று கூறிய அணுகுமுறை அவர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும், ஓர் ஆய்வு முறையின் முடிபுகள், அம்முடிபுகளை எட்டிய உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்டு விரிவுரைக் குறிப்புகளாக வழங்கப்படும்போது, அவை வாய்பாடுகளாகின்றன. சங்க காலம் என்றால் குலமரபுச் சமூகத்தின் சிதைவு. சங்கமருவிய காலம் என்றால் வணிகர் எழுச்சி. பல்லவர் காலம் என்றால் வணிகருக்கு எதிரான நிலவுடைமையாளரின் பக்தி இயக்கம். சோழர் காலம் என்றால் பேரரசுக் காப்பியம். இக்கூற்றுகள் ஒவ்வொன்றின் பின்னும் ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பு உண்டு. அதே கூற்றுகளை ஒரு பாடலையேனும் முழுமையாக வாசிக்காத மாணவர் பரீட்சைத் தாளில் எழுதும்போது அவை அறிவாவதில்லை. 'மிக அழகாகப் பாடியுள்ளார்' என்ற இடத்தில் 'நிலவுடைமைக் கருத்தியலைப் பிரதிபலித்துள்ளார்' என்று எழுதுவது சொல்மாற்றமேயன்றி நோக்கு மாற்றமன்று.

மார்க்சிய மூலவர்கள் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். மார்க்ஸ் 1857 இல் எழுதிய பொருளாதார ஆய்வு முன்னுரைக் குறிப்பிலே கிரேக்கக் கலை பற்றிப் பேசுகின்றார். அக்கலை குறிப்பிட்டதொரு சமூக வளர்ச்சிக் கட்டத்தோடு பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடில்லை. அக்கட்டம் மறைந்த பின்னரும் அது நமக்கு ஏன் இன்பமளிக்கின்றது என்பதே இடர்ப்பாடான வினா என்பது அவர் கருத்தின் சாரம். நமது குறிப்புகளோ மார்க்ஸ் எளிதெனக் கண்ட இடத்திலேயே நின்றுவிடுகின்றன. 1888 இல் மார்கிரட் ஹாக்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், முடியாட்சி ஆதரவாளரான பால்சாக் தமது வர்க்க அனுதாபங்களுக்கு மாறாகவே சமூக உண்மையைச் சித்திரிக்க நேர்ந்ததை எடுத்துக்காட்டினார். பால்சாக்கின் அரசியல் சார்பைத் தெரிந்துகொண்டதோடு நின்றிருந்தால் ஏங்கல்ஸ் இதனைக் கண்டிருக்க முடியாது. நாவல்களை வாசித்தமையாலேயே கண்டார்.

4

இக்கருத்தைத் தெளிவாக்க நன்கறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல், அத்தொகையின் 192 ஆம் செய்யுள், முதலாண்டுக்கு வரும் ஏறத்தாழ எல்லா மாணவருக்கும் தெரிந்த ஒன்று. சரியாகக் கூறின், அதன் முதலடி தெரியும். மேடைகளிலும் மலர்களின் முகப்பிலும் நிறுவனங்களின் சுவர்களிலும் அவ்வடி காணப்படுகின்றது. செய்யுள் பதின்மூன்று அடிகளைக் கொண்டது. எஞ்சிய பன்னிரண்டடிகளும் என்ன சொல்கின்றன என்று வினவின் வகுப்பிலே பெரும்பாலும் அமைதியே நிலவும்.

நயம் காண்பவர் உலக மானிடநேயம் எனப் பாராட்டி, ஆற்றில் அடித்துச் செல்லப்படும் புணையின் உவமையைச் சுட்டி அமைவர். வாய்பாட்டுக்காரர் ஊழ்க் கோட்பாடு ஆளும் வர்க்கத்தின் கருவி என்று கூறி அமைவர். இருவரும் செய்யுளின் தர்க்கத்தைத் தொடர்வதில்லை.

எந்த ஊரும் அந்நியமன்று, எவரும் அந்நியரல்லர் என்று தொடங்கும் புலவர், நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்கின்றார். சாவு புதிதன்று, வாழ்வை இனிதென மகிழ்வதுமில்லை, வெறுத்துக் கசப்பென்பதுமில்லை. மழை பொழியப் பாறைகளில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீரோட்டத்திலே செல்லும் புணை போல உயிர் ஒரு முறைமையின் வழியே செல்லும் என்பதை அறிவுடையோர் கூறக் கேட்டுத் தெளிந்தோம் என்கின்றார். இதன்பின் 'ஆகையால்' என்று பொருள்படும் ஒரு சொல் வருகின்றது. ஆகையால் பெரியவர்களை வியப்பதுமில்லை. சிறியவர்களை இகழ்தல் அதனினும் இல்லை என்று செய்யுள் முடிகின்றது.

இச்செய்யுளின் திறவுகோல் அந்த இணைப்புச் சொல்லே. முதலடி அறிவிப்பு, முடிபடிகள் அனுமானம். இடையில் உள்ளது நியாயம். இவ்வாறு வாசிக்கும் மாணவருக்கு உடனே ஒரு முரண்பாடு தோன்றும். ஊழை நம்புவோர் வழக்கமாக ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துவர்: பெரியவன் பெரியவனாயிருப்பது அவன் ஊழ், சிறியவன் சிறியவனாயிருப்பதும் அவ்வாறே. இங்கோ அதே ஊழ்க் கொள்கை எதிர்த்திசையில் பயன்படுகின்றது. பெருமை எவருடைய தனித் திறமையாலும் வந்ததன்று, ஆகையால் வியப்பதற்கில்லை. சிறுமையும் எவருடைய தவற்றாலும் வந்ததன்று, ஆகையால் இகழ்வதற்கில்லை. அதேவேளை, பெரியோரும் சிறியோரும் உளர் என்பதைச் செய்யுள் கேள்விக்குட்படுத்தவில்லை. அது காட்டும் ஒப்புரவு சமூகச் சமத்துவமன்று. பேராற்றின் முன் அனைவரும் புணைகளே என்னும் கையறுநிலையின் ஒப்புரவு.

இவ்விடத்திலேதான் வரலாறு செய்யுளின் தேவையாக உள்ளே வருகின்றது. மன்னரையும் வள்ளல்களையும் வியந்து பாடிய பாடல்கள் நிறைந்த தொகையிலே, புரவலர் கொடையில் பாணரும் புலவரும் வாழ்ந்த உலகிலே, 'பெரியோரை வியவோம்' என்னும் முடிபு என்ன பொருள் தந்திருக்கும்? தலைமைகள் வலுப்பெற்று ஏற்றத்தாழ்வுகள் கூர்மையடையும் காலத்தில் இக்குரல் எவ்விடத்திலிருந்து எழுகின்றது? இவ்வினாக்களோடு கைலாசபதியின் நூலை அணுகும் மாணவர் அதனை ஆய்வாக வாசிப்பார். வினா இன்றி அணுகுபவர் குறிப்பாகவே வாசிப்பார்.

இன்னுமொரு வினாவும் உண்டு. 1894 இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிலே பதிப்பிக்கும்வரை ஏட்டுச்சுவடியில் கிடந்த ஒரு செய்யுளின் முதலடி மட்டும் இருபதாம் நூற்றாண்டில் முழக்கமாக மாறியது எவ்வாறு? தேசிய எழுச்சிக்கும் பண்பாட்டுப் பெருமைக்கும் தேவைப்பட்டது முதலடிதான், முடிபடிகள் தேவைப்படவில்லை. செய்யுளின் பிற்கால வாழ்வும் இலக்கிய வரலாற்றின் பகுதியே. முதலாண்டு மாணவரால் இதனை விளங்கிக்கொள்ள முடியாது எனக் கருதுவதற்கு எவ்வித காரணமும் இல்லை.

5

நவீன இலக்கியத்திலும் நிலைமை வேறன்று. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935 இல் மணிக்கொடியில் வெளிவந்தது. நெல்லைச் சீமையின் கிராமமொன்றின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழியும் மருதி என்னும் பெண்ணின் வாழ்வு அதிலே சித்திரிக்கப்படுகின்றது. 'காலனித்துவச் சுரண்டல், சாதிக் கொடுமை, பெண்ணடிமை' என்னும் மூன்று தொடர்களால் இக்கதையை மூடிவிடுதல் எளிது. மூன்றும் உண்மை. ஆயின், அம்மூன்றையும் அறிவதற்கு இக்கதையை வாசிக்க வேண்டியதில்லை.

நமது வகுப்புகளிலே நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த மாணவர் இருக்கின்றனர். லயம், பிரட்டுக்களம், கொழுந்து, கவ்வாத்து ஆகிய சொற்கள் அவர்களுக்கு அகராதிச் சொற்கள் அல்ல. கதைசொல்லி எங்கே மருதியை நெருங்கி நிற்கின்றான், எங்கே அங்கதத்தோடு விலகி நிற்கின்றான், தோட்டத்து வாழ்வில் எதனைக் காண்கின்றான், எதனைக் காணாது விடுகின்றான் ஆகிய வினாக்களுக்கு விடைகூற விரிவுரையாளரைவிட அம்மாணவர் தகுதியுடையவராக இருத்தல் கூடும். கரையின் அப்பாலிருந்து நோக்கிய இப்படைப்பை, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் துலங்கும். வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டவர். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர் எழுத்தில் ஒலிக்கும் குரலை இவ்வரலாற்றிலிருந்து பிரித்தல் இயலாது. குரலின் தன்மையையோ வரலாறு மட்டும் விளக்கிவிடாது.

ஆனால் இன்றைய நடைமுறையில் அம்மாணவர் கற்றுக்கொள்வது என்ன? தமது சொல்லும் தமது பாட்டியின் சொல்லும் இலக்கியம் பற்றிய பேச்சில் இடம்பெறத்தக்கன அல்ல என்பதையே. குறிப்பில் உள்ள தொடரே அறிவு. தாம் அறிந்தது அறிவன்று. உழைக்கும் மக்களின் விடுதலையைப் பேசும் வாய்பாடு, அம்மக்களின் பிள்ளையை வகுப்பறையிலே ஊமையாக்குகின்றது. முற்போக்குத் திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய முரண்பாடு இதுவே.

6

எனவே நாம் முன்வைப்பது நயத்துக்கும் சமூகப் பின்னணிக்கும் இடையிலான சமரசம் அன்று. அரைப்பங்கு நயமும் அரைப்பங்கு வாய்பாடும் சேர்ந்தால் வாசிப்பு உண்டாகிவிடாது. வரிசையை மாற்றுதல் வேண்டும். முதலில் நூல், அதனை வாசிக்கையில் எழும் இடர்ப்பாடு, அவ்விடர்ப்பாடு கோரும் வரலாறு, வரலாற்றோடு மீண்டும் நூல்.

நடைமுறையில் சிலவற்றைக் கூறலாம். முதலாண்டிலே நூல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்துக்கொண்டவற்றை முழுமையாக வாசித்தல் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளை முப்பது விரிவுரைகளிலே கடப்பதைவிடப் பத்துச் செய்யுள்களையும் நான்கு சிறுகதைகளையும் ஒரு நாவலையும் ஆழ்ந்து பயில்வது மேல். ஒவ்வொரு நூல் பற்றியும் விரிவுரைக்கு முன்னரே மாணவர் தமக்கு விளங்காத இடங்களை எழுதிவரச் செய்தல் வேண்டும். விளங்காமை வெளிப்படும் வகுப்பிலேதான் விளக்கம் தொடங்குகின்றது. பழைய உரை கிடைக்கும் நூல்களில் அதனையும் உடன்வைத்து வாசித்தல் நன்று. புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை உண்டு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பரீட்சையில் ஒரு வினாவேனும் வகுப்பிலே பார்த்திராத பகுதியொன்றைப் பற்றியதாக அமைதல் வேண்டும். மனனம் செய்த குறிப்பு அங்கே உதவாது.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். பிரதியை மட்டும் நோக்கும் பூர்சுவா விமரிசனத்துக்கு இது வழிவிடும் என்பது ஒன்று. பிரதியோடு நின்றுவிடுதல் வேறு. பிரதியிலிருந்து தொடங்குதல் வேறு. பொருள்முதல்வாதி தன் முன்னுள்ள பொருளை நோக்காது அதுபற்றிய பொதுமுடிபிலிருந்து தொடங்குவானாயின் அவனுக்கும் கருத்துமுதல்வாதிக்கும் யாது வேறுபாடு?

மற்றைய மறுப்பு கனதியானது. பெருந்தொகை மாணவர், போதாத நூலகப் பிரதிகள், சிறுவகுப்புகளை நடத்தப் போதிய ஆசிரியர் இன்மை ஆகிய நிலைமைகளில் குறிப்பு வழங்குதலைத் தவிர வேறென்ன செய்வது என ஆசிரியர்கள் வினவுவர். இது நியாயமான வினா. குறிப்பு என்பது ஆசிரியரின் சோம்பலில் பிறந்ததன்று. அதற்குத் திட்டவட்டமான பொருளியல் அடிப்படை உண்டு. நூல் கிடைக்காத இடத்தில் குறிப்பு நூலின் இடத்தைப் பிடிக்கின்றது. பரீட்சைப் பெறுபேறே தொழிலுக்கான வாயிலாகும்போது, குறிப்பே பாதுகாப்பான முதலீடாகின்றது. ஆகவே வாசிப்புக்கான கோரிக்கை, நூலகத்துக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் சிறுவகுப்புகளுக்கும் ஆன கோரிக்கையும் ஆகும். இலக்கியக் கல்வி பற்றிய விவாதம் கல்விக்கான அரச செலவு பற்றிய விவாதத்திலிருந்து பிரிந்து நிற்றல் இயலாது. எனினும், அந்நிலைமைகள் மாறும்வரை காத்திருப்பதும் பொருந்தாது. பதின்மூன்று அடிகளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு நூலகம் தேவையில்லை.

7

இவையனைத்தும் ஒரு பாடத்திட்டப் பிரச்சினை மட்டுமே எனக் கருதுதல் தவறாகும். இன்று நமது முதலாண்டு வகுப்புகளில் இருப்போர், 2009 இல் போர் முடிவுற்ற காலத்தில் சிறு குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்கள் வளர்ந்த சூழலில் முழக்கங்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை. எல்லாத் தரப்பினரும் முதலடிகளை உரத்துக் கூறினர். 'ஆகையால்' என்னும் சொல்லுக்கு விளக்கம் கேட்டோர் விரும்பப்படவில்லை. ஒரு கூற்றின் முடிபு அதன் நியாயத்திலிருந்து பெறப்படுகின்றதா, பேசுபவர் எதனைக் காணாது விடுகின்றார், முழக்கமாக எடுக்கப்பட்ட அடி எங்கிருந்து துண்டிக்கப்பட்டது என்று வினவும் பழக்கம் இலக்கிய வகுப்புக்கு மட்டும் உரிய திறனன்று. அதனைப் பயில்வதற்கு நமது பல்கலைக்கழகங்களில் எஞ்சியுள்ள மிகச் சில இடங்களுள் இலக்கிய வகுப்பும் ஒன்று.

ஆளும் கருத்தியலுக்கு எதிரான முடிபுகளை மாணவருக்கு வழங்கிவிட்டால் போதுமென எண்ணுவோர், அம்முடிபுகள் நாளை வேறு முடிபுகளால் எளிதில் அகற்றப்படும் என்பதை மறந்துவிடுகின்றனர். வழங்கப்பட்டது பறிக்கப்படலாம். தானே வாசித்து அடைந்தது அத்துணை எளிதில் பறிபோவதில்லை. முதலாண்டு மாணவருக்கு நாம் செய்யக்கூடிய அறிமுகம் இவ்வாசிப்புக்கான அறிமுகமே. அதன் பின்னர் அவர் நம்முடைய முடிபுகளோடும் முரண்படக்கூடும். முரண்படுதல் வேண்டும்.